வால்வு பேஸ் ஆம்ப்பும் ஓம் கணக்கும்

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் (வால்வுகளால்) ஒலியைப் பெருக்கும் பேஸ் கிட்டார் ஆம்ப்பின் பின்பக்கத்தில், ஸ்பீக்கர் ஜாக்குகளுக்கு மேலே 2, 4, 8, 16 என்று இரண்டு மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும். மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையை ஓமில் சொல்லும் எண்கள் இவை. ஸ்பீக்கர்கள் இருக்கும் பெட்டியான கேபினட்டின் பின்தகட்டிலும் ஓர் எண் இருக்கும். இரண்டும் பொருந்திப்போனால் பேச்சே இல்லை. பொருந்தாதபோதுதான் கேள்வி வரும்: 4 ஓம் ஜாக்கில் 8 ஓம் கேபினட்டைச் செருகலாமா? இதற்கு மூன்று விதமான பதில்கள் கிடைக்கும். ஒன்றும் ஆகாது என்பார் ஒருவர். டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும் என்பார் இன்னொருவர். மூன்றாமவர், ஓம் கூடினால் எப்போதுமே பாதுகாப்பு, குறைந்தால்தான் ஆபத்து என்பார். இந்த மூன்றாவது பதில் டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்குச் சரி. அதை அப்படியே வால்வு ஆம்ப்புக்குக் கொண்டுவந்தால்தான் வம்பு.

என் கட்சி இதுதான்: தகட்டில் இருக்கும் எண்ணுக்கு நாம் தேவைக்கு மேல் பயப்படுகிறோம். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஓடும் கேபிளுக்கும் பிளக்குக்கும் பயப்பட வேண்டிய அளவு பயப்படுவதில்லை. ஏன் அப்படி என்று பார்க்க, முதலில் டிரான்சிஸ்டர் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

டிரான்சிஸ்டர் ஆம்ப், ஸ்பீக்கர் எதுவாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தைத் தரும். வால்யூமை ஓர் இடத்தில் வைத்து வாசிக்கும்போது 20 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம் ஸ்பீக்கர் அதிலிருந்து 2.5 ஆம்பியர் இழுக்கும். 4 ஓம் என்றால் 5 ஆம்பியர், 2 ஓம் என்றால் 10. ஓம் குறையக் குறைய மின்னோட்டமும் சூடும் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் டிரான்சிஸ்டர் தாங்காது. அதனால்தான் அந்த ஆம்ப்புகளில் 'குறைந்தபட்சம் 4 ஓம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்பீக்கரே இல்லாவிட்டால் மின்னோட்டமே இல்லை, ஆம்ப்புக்கு அது ஓய்வு நேரம்.

வால்வின் குணம் வேறு. அதில் மின்னழுத்தம் அதிகம், மின்னோட்டம் கொஞ்சம். பேஸ் ஆம்ப்பின் அவுட்புட் வால்வுகளில் பிளேட்டுக்கு (எலக்ட்ரான்கள் வந்துசேரும் உலோகத் தகட்டுக்கு) 400 வோல்ட்டிலிருந்து 700 வோல்ட் வரை போகும். ஆனால் ஓடுவது ஒரு ஆம்பியரில் சிறு பங்குதான். ஸ்பீக்கருக்கு வேண்டியதோ நேர் எதிர். 300 வாட்டை 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுக்க ஏறக்குறைய 35 வோல்ட் போதும், ஆனால் 8.7 ஆம்பியர் ஓட வேண்டும். இந்த இரண்டையும் இணைத்துவைப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். சைக்கிள் கியர் செய்கிற வேலையைத்தான் இது செய்கிறது: ஒரு பக்கத்து வேகத்தை மறுபக்கத்து விசையாக மாற்றிக் கொடுக்கிறது.

இங்கே பலர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபார்மருக்கென்று சொந்தமாக 4 ஓம், 8 ஓம் எதுவும் கிடையாது. அதற்கு இருப்பது சுற்று விகிதம், அதாவது இரு பக்கக் கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை விகிதம், மட்டுமே. ஸ்பீக்கர் பக்கம் என்ன ஓம் மாட்டினாலும், அந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கி வால்வுக்குக் காட்டும், அவ்வளவுதான். ஜாக்கின் மேல் '8' என்று எழுதியிருப்பதன் பொருள், இந்த முனையில் 8 ஓம் மாட்டினால் வால்வுக்குத் தேவையான சுமை (வால்வு எதிர்கொள்ளும் ஓம்) கிடைக்கும் என்பதே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு இஎல்34 வால்வுகள் கொண்ட 100 வாட் ஆம்ப்புக்குப் பொதுவாக 1,700 ஓம் சுமை வைப்பார்கள். 8 ஓம் முனையில் இது 8-ஐப் போல 212.5 மடங்கு, அதாவது சுற்று விகிதம் சுமார் 14.6. 4 ஓம் முனையில் 425 மடங்கு. இப்போது 8 ஓம் கேபினட்டை 4 ஓம் முனையில் மாட்டினால் வால்வுக்குத் தெரிவது 8 × 425, அதாவது 3,400 ஓம். தேவைப்பட்டதைப் போல இரு மடங்கு. 4 ஓம் கேபினட்டை 8 ஓம் முனையில் மாட்டினால் 4 × 212.5 = 850 ஓம், பாதி. பொருத்தம் தவறினால் நடப்பது இந்த மாற்றம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகவே வரும்.

இதே கணக்கு வேறோர் இடத்திலும் கைகொடுக்கும். சத்தத்தைக் குறைக்க நான்கு வால்வில் இரண்டைப் பிடுங்கிவிட்டு வாசிப்பவர்கள் உண்டு. வால்வுகள் இரு பக்கமாகப் பிரிந்து மாறி மாறி வேலைசெய்யும் புஷ்-புல் சுற்றில் பக்கத்துக்கு ஒன்றாகப் பிடுங்க வேண்டும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு வால்வுக்கு வேண்டிய சுமை 3,400 ஓம். அதனால் 8 ஓம் கேபினட்டை 4 ஓம் முனைக்கு மாற்றுவார்கள். பார்ப்பவருக்குத் தவறாகச் செருகியது போலத் தெரியும், ஆனால் அதுதான் சரியான பொருத்தம்.

எந்தப் பக்கம் தவறினால் என்ன ஆகும்

சுமை இரு மடங்கானால் வால்வின் பிளேட் மின்னழுத்தம் கொஞ்சம் மின்னோட்டத்துக்கே ஆழமாகக் கீழிறங்கிவிடும். பிளேட் அப்படித் தாழ்ந்திருக்கும் நேரத்தில், பக்கத்திலேயே உயர்ந்த மின்னழுத்தத்தில் நிற்கும் ஸ்க்ரீன் கிரிட் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஸ்க்ரீன் என்பது மெல்லிய கம்பிச் சுருள். பிளேட் போலச் சூட்டைத் தாங்கும் தகடு அல்ல. ஆம்ப்பைக் கிளிப் ஆகும் (ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும்) அளவுக்கு முறுக்கி வாசித்தால் ஸ்க்ரீனும் அதன் ரெசிஸ்டரும் தான் முதலில் அவதிப்படும். கூடவே டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தத் துள்ளல்களும் கூடும்.

சுமை பாதியானால் கதை வேறு. பிளேட் மின்னழுத்தம் போதுமான அளவு கீழே இறங்காது. அதே நேரம் மின்னோட்டம் அதிகமாக ஓடும். மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒருசேர அதிகமாக இருந்தால் பெருக்குத்தொகை முழுவதும் பிளேட்டில் சூடாக இறங்கும். வால்வு சீக்கிரம் தேயும். மோசமாகப் போனால் பிளேட் செக்கச்செவேலென்று சிவக்கும்.

இரண்டு பக்கத்திலும் ஸ்பீக்கருக்குப் போய்ச்சேரும் வாட் குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓம் குறைந்த கேபினட்டை மாட்டினால் வால்வு ஆம்ப்பில் சத்தம் கூடும் என்று நம்புவதும் டிரான்சிஸ்டர் பழக்கத்தின் மிச்சம்தான்.

சரி, இரண்டில் எது மேல்? இங்கே தயாரிப்பாளர்களே ஒத்துப்போவதில்லை. ஓம் கூடுதலான கேபினட் பாதுகாப்பு, வால்வு தேயாது என்று சில கையேடுகள் சொல்லும். எந்தப் பக்கமும் இரு மடங்கு வரை பரவாயில்லை என்று சில சொல்லும். பொருத்தம் தவறவே கூடாது என்று சில கறாராகச் சொல்லும். ஒவ்வொருவரும் தங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் காப்புப் பூச்சையும் தாங்கள் வைத்திருக்கும் மின்னழுத்தத்தையும் மனதில் வைத்துச் சொல்வதால், உங்கள் ஆம்ப்பின் கையேட்டில் இருப்பதுதான் உங்களுக்கு வேதம்.

கையேடு இல்லாத பழைய ஆம்ப் என்றால் நான் ஓம் குறைந்த பக்கம்தான் சாய்வேன். அங்கே தேய்வது வால்வு. அது எப்படியும் மாற்ற வேண்டிய பொருள். ஓம் கூடிய பக்கத்தில் பணயம் வைப்பது டிரான்ஸ்ஃபார்மரை. அதை மாற்றுவது ஆம்ப்பில் பாதியை மாற்றுவது போல. எதுவானாலும் மிதமான சத்தத்தில் ஒரு படி, அதாவது இரு மடங்கோ பாதியோ தவறினால் தலை போகாது. இரண்டு படி, அதாவது 4 ஓம் முனையில் 16 ஓம் கேபினட் போன்ற நாலு மடங்கு வித்தியாசம் வேண்டவே வேண்டாம். 700 வோல்ட்டில் ஓடும் பெரிய ஆம்ப்பை முழு வேகத்தில் வாசிப்பதாக இருந்தால் ஒரு படியும் தவறாமல் இருப்பதே நல்லது.

ஸ்பீக்கரே இல்லையென்றால்

உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஓம் கூடிக்கொண்டே போனால் கடைசியில் வந்து நிற்கும் இடம் எது? எதுவும் செருகாத ஜாக். சுமை எல்லையற்றது.

டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்குள் காந்த ஆற்றல் தேங்கியிருக்கும். ஸ்பீக்கர் இருந்தால் அது ஒலியாகவும் சூடாகவும் செலவாகும். ஸ்பீக்கர் இல்லாத நிலையில் சிக்னல் கொடுத்து, வால்வு மின்னோட்டத்தைத் திடீரென்று நிறுத்தினால், அந்த ஆற்றல் போக இடமில்லாமல் மின்னழுத்தமாக எகிறும். சாதாரணமாகவே புஷ்-புல் ஆம்ப்பில் ஒரு பிளேட் கீழே இறங்கும்போது மறு பிளேட் மின்வழங்கலைப் போல ஏறக்குறைய இரு மடங்குக்கு ஏறும். 700 வோல்ட் ஆம்ப்பில் அது 1,400-ஐ நெருங்கும். சுமை இல்லாதபோது அதற்கு மேலேயும் பல மடங்கு துள்ளும். கம்பிச் சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் காப்பு எங்காவது ஓர் இடத்தில் பொத்துக்கொண்டால் டிரான்ஸ்ஃபார்மரின் ஆயுள் அங்கேயே முடிந்தது.

எதிர் முனையான ஷார்ட், அதாவது இரு முனைகளும் நேராகத் தொட்டுக்கொள்வது, இந்த அளவுக்குக் கொடியதல்ல. வால்வு சூடாகும், சத்தம் வராது. கொஞ்ச நேரத்தில் கவனித்து அணைத்துவிட்டால் பெரும்பாலும் எல்லாம் பிழைக்கும். இதற்கு நல்ல சாட்சி பழைய ஃபெண்டர் ஆம்ப்புகளின் ஸ்பீக்கர் ஜாக். அதில் பிளக் இல்லாதபோது ஜாக்கே தன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து அவுட்புட்டை ஷார்ட் செய்துவிடும். மறந்துபோய் ஸ்பீக்கர் இல்லாமல் யாராவது ஆன் செய்தால் திறந்த சுற்றைவிட ஷார்ட் மேல் என்று முடிவு செய்துதான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். இதில் ஒரு சின்னச் சிக்கலும் உண்டு. அந்த ஆம்ப்பில் முதன்மை ஜாக்கை விட்டுவிட்டுக் கூடுதல் ஸ்பீக்கருக்கான ஜாக்கில் மட்டும் செருகினால் சத்தமே வராது. முதன்மை ஜாக் ஷார்ட்டிலேயே நிற்கும். ஆம்ப் பழுதென்று நினைத்துக்கொண்டு வால்யூமை ஏற்றாமல் இருந்தால் சரி.

தகட்டு எண் எவ்வளவு தளர்ந்தது

8 ஓம் கேபினட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 8 காட்டாது, ஏறக்குறைய 6 அல்லது 6.5 காட்டும். 4 ஓம் கேபினட் மூன்றும் சொச்சமும் காட்டும், 16 ஓம் 12 அல்லது 13. மீட்டர் அளப்பது கம்பிச் சுருளின் நேர்மின்னோட்ட மின்தடையை மட்டுமே. வாசிக்கும்போது ஸ்பீக்கர் காட்டும் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) வேறு; அது அலைவெண்ணுக்கு அலைவெண் மாறிக்கொண்டே இருக்கும்.

மூடிய பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸை வரைந்து பார்த்தால், கீழ்ப்பகுதியில் அதன் ஒத்ததிர்வு இடத்தில், அதாவது கூம்பு இயல்பாகவே அதிகம் அதிரும் அலைவெண்ணில், ஒரு மலை தெரியும். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் அங்கே 50 ஓம் கூடத் தொடும். பிறகு சரிந்து சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியில் 7, 8 என்று தட்டையாக ஓடும். மேலே போகப் போகச் சுருளின் தூண்டலால் மறுபடி ஏறும். பெட்டியில் காற்றுத் துளை இருந்தால் ஒரு மலைக்குப் பதில் இரண்டு மலைகள், நடுவே ஒரு பள்ளம். அந்தத் தட்டையான இடத்தின் எண்தான் தகட்டில் ஏறியிருக்கிறது.

பேஸ் கிட்டாரின் அடித்தந்தி, திறந்த ஈ, 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். ஐந்து தந்திக் கிட்டாரின் பி 31 ஹெர்ட்ஸ். அதாவது பேஸ் வாசிப்பவரின் கை பாதி நேரம் அந்த மலையிலும் அதன் சரிவுகளிலும்தான் உலவுகிறது. கச்சிதமாக 8 ஓம் முனையில் 8 ஓம் கேபினட்டை மாட்டியவருக்கும் ஒரு சுரத்தில் 40 ஓம், அடுத்ததில் 15, இன்னொன்றில் 7 என்றுதான் வால்வுக்குச் சுமை போய்ச்சேருகிறது. ஒரு படி தவறினால் ஆம்ப் வெடித்துவிடும் என்று பதறுபவர்களிடம் இதைத்தான் சொல்லத் தோன்றும்: பொருத்தம் என்பது சராசரிக்குச் செய்வது.

ஒலியிலும் இதன் தடம் இருக்கிறது. வால்வு ஆம்ப்பின் சொந்த உள் இம்பீடன்ஸ் அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் எங்கே உயர்கிறதோ அங்கே மின்னழுத்தமும் உயரும். ஒத்ததிர்வு இடத்தில் அடிப்பகுதி கொஞ்சம் பொங்கும், மேலே கொஞ்சம் பளிச்சிடும். வால்வு பேஸின் அந்தத் 'தடிமன்' என்று சொல்வதில் ஒரு பங்கு இதுதான். வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி எதிராக உள்ளே செலுத்துவதை எதிர் ஊட்டம் என்பார்கள். அதை அதிகமாக வைத்த ஆம்ப்பில் இந்தப் பொங்கல் அடங்கி, ஒலி இறுக்கமாகும்.

எதிர் ஊட்டம் எந்த முனையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதும் ஒலியை மாற்றும். இதற்கு வரலாற்றில் ஓர் அருமையான உதாரணம் உண்டு. 1950களின் இறுதியில் வந்த ஃபெண்டர் பேஸ்மேன் 5எஃப்6-ஏ ஆம்ப்பில் நான்கு 10 அங்குல 8 ஓம் ஸ்பீக்கர்கள் பேரலலாக (எல்லாம் ஒரே இரண்டு முனைகளுக்கு நடுவே) இருந்தன. மொத்தம் 2 ஓம். 1960களின் தொடக்கத்தில் மார்ஷல் அதைப் பார்த்து ஜேடிஎம்45 செய்தபோது சுற்றை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய கேபினட் 16 ஓம். எதிர் ஊட்டத்துக்கான 27,000 ஓம் ரெசிஸ்டர் மாறவில்லை. அது இணைந்திருந்த முனை மட்டும் 2 ஓமிலிருந்து 16 ஓமுக்கு மாறியது. அதே வாட்டுக்கு 16 ஓம் முனையில் 2 ஓம் முனையைப் போல 2.8 மடங்கு மின்னழுத்தம் இருக்கும். எதிர் ஊட்டமும் அதே அளவு கூடிவிட்டது. இரண்டு ஆம்ப்புகளும் ஒரே மாதிரி ஒலிக்காததற்கு இது மட்டும் காரணமில்லை, ஆனால் இதுவும் ஒரு காரணம்.

கேபினட்டுகளைச் சேர்க்கும்போது

கேபினட்டின் பின்னால் இரண்டு ஜாக் இருந்தால் அவை கிட்டத்தட்ட எப்போதும் பேரலல். ஆம்ப்பிலிருந்து முதல் கேபினட்டுக்கும் அங்கிருந்து அடுத்ததற்கும் கேபிள் போட்டால் 8-ம் 8-ம் சேர்ந்து 4 ஆகும். ஆம்ப்பின் இரண்டு ஜாக்கில் தனித்தனியாகச் செருகினாலும் பெரும்பாலான ஆம்ப்புகளில் அதே 4 தான்.

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் செய்துகாட்டியது ஆம்பெக் எஸ்விடி. 1969-இல் வந்தபோது அது 300 வாட் வால்வு ஆம்ப். முதலில் ஆறு 6146பி வால்வுகள், பிறகு ஆறு 6550. அதற்கான கேபினட்டில் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றும் 32 ஓம். எட்டும் பேரலலாகச் சேர்ந்தால் 4 ஓம். அப்படிப்பட்ட இரண்டு கேபினட்டுகளை ஓர் ஆம்ப்பில் மாட்டுவதுதான் அப்போதைய நோக்கம். ஆகவே 2 ஓம். அதனால்தான் இன்றைக்கும் அந்தக் குடும்பத்து வால்வு ஆம்ப்புகளில் 2, 4 என்று எண்கள் இருக்கின்றன.

எல்லாவற்றையும் பேரலலாகப் போட்டதில் இன்னொரு லாபமும் உண்டு. எட்டில் ஒரு ஸ்பீக்கர் செத்துப்போனால் மீதி ஏழு சேர்ந்து 4.6 ஓம்; ஆம்ப்புக்கு அது தெரியக்கூடத் தெரியாது. இதோடு நான்கு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட சாதாரண 8 ஓம் கேபினட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகச் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டு, அந்த இரண்டு ஜோடிகளையும் பேரலலாகச் சேர்த்திருப்பார்கள். அதில் ஒன்று அறுந்தால் அதன் ஜோடியும் சேர்ந்து ஊமையாகும். மிஞ்சுவது 16 ஓம். மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் எதையும் தொடாமல், 8 ஓம் முனையில் 16 ஓம் சுமை வந்து உட்கார்ந்துவிடும். மொத்த வாட்டையும் மீதி இரண்டு ஸ்பீக்கர்கள் சுமக்கும். கேபினட் திடீரென்று மெலிந்து ஒலித்தால், ஈக்வலைசரைத் திருகுவதற்கு முன்னால் கூம்புகளின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பாருங்கள். அசையாத இரண்டு கையில் பட்டுவிடும்.

ஓம் வேறுபட்ட கேபினட்டுகளைச் சேர்த்தால் 8-ம் 4-ம் 2.67 ஆகும். 2 ஓம் முனை இருந்தால் அதில் போடுவது கொஞ்சம் நெருக்கம். 4-இல் போட்டாலும் ஒரு படிக்கு உள்ளேதான். ஆனால் அதைவிட முக்கியம் வாட் எப்படிப் பிரிகிறது என்பது. 4 ஓம் கேபினட் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். 300 வாட் ஆம்ப்பில் அது 200, மற்றது 100. 4 ஓம் கேபினட் பழைய 15 அங்குலம் ஒன்றாக, 150 வாட்தான் தாங்கும் என்றால், பொருத்தக் கணக்கு சரியாக வந்தாலும் கூம்பு கிழியும். பேஸ் கேபினட்டில் இருக்கும் சிறிய ஹார்னைப் பற்றிப் பலர் கேட்பார்கள். அது ஒலியைக் கீழ், மேல் என்று பிரிக்கும் கிராஸ்ஓவருக்குப் பின்னால் இருப்பதால் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

கேபிளும் பிளக்கும்

300 வாட்டை 2 ஓமில் செலுத்தினால் ஓடுவது 12 ஆம்பியருக்கும் மேல். 16 ஓமில் அதே 300 வாட்டுக்கு 4.3 ஆம்பியர்தான். ஓம் குறைந்த பக்கம் போவதில் மறைந்திருக்கும் விலை இதுதான். பிளக்கும் ஜாக்கும் தொடும் இடத்தில், துருவாலோ தளர்ச்சியாலோ, 0.1 ஓம் தேங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 ஓம் சுமையில் அது ஒன்றுமே இல்லை. 2 ஓமில் 300 வாட்டில் 14 வாட் அந்தச் சின்னத் தொடர்பில் சூடாக இறங்கும். சூட்டில் ஜாக்கின் நாக்கு இன்னும் தளரும், தளர்ந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு முறை விடும்போதும் வால்வு ஆம்ப்புக்கு அது ஸ்பீக்கர் இல்லாத நிலை.

கிட்டாரிலிருந்து ஆம்ப்புக்குப் போடும் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடக் கூடாது என்பதும் இதனால்தான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே தடிமன், ஒரே கால் அங்குல பிளக். உள்ளே இருக்கும் மையக் கம்பியோ தலைமுடி போல. 24 கேஜ் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியது) என்றால் 3 மீட்டருக்கே கால் ஓம் ஆகிவிடும். அதில் 12 ஆம்பியர் ஓடினால் உள் உறை இளகும். அப்புறம் ஷார்ட் ஆகுமோ அறுந்து திறக்குமோ, அது அதிர்ஷ்டம். 14 கேஜ் ஸ்பீக்கர் கேபிள் அதே நீளத்துக்குப் போகவர இரண்டும் சேர்ந்தே 0.05 ஓம்தான். பூட்டிக்கொள்ளும் ஸ்பீக்கான் பிளக் இருக்கும் கேபினட் என்றால் அதையே பயன்படுத்துங்கள், கால்பட்டு உருவிக்கொள்ளாது.

ஆம்ப்பின் பின்னால் ஓம் மாற்றும் சுழல் சுவிட்ச் இருந்தால், ஓடும்போது அதைத் திருப்பக் கூடாது. ஓர் எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போகும் கணத்தில் இரண்டையும் தொடாமல் நிற்கும் வாய்ப்பு உண்டு. பழைய ஆம்ப்பில் அந்தச் சுவிட்சின் தகடுகள் கருத்துப்போய், சரியான எண்ணில் நின்றாலும் தொடர்பு கொடுக்காமல் ஏமாற்றும். கேபினட்டை மாற்றுவதாக இருந்தால் ஆம்ப்பை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

தெரியாத கேபினட் கைக்கு வந்தால் செய்ய வேண்டியது எளிது. கேபிளை முதலில் கேபினட்டில் செருகி, ஆம்ப் பக்கம் போகும் பிளக்கின் நுனியிலும் உடம்பிலும் மல்டிமீட்டரை வையுங்கள். ஆறு சொச்சம் வந்தால் 8 ஓம். மூன்று சொச்சம் வந்தால் 4. ஒன்றும் காட்டாமல் திறந்த சுற்று என்று வந்தால் அதை வால்வு ஆம்ப்பில் மாட்டாதீர்கள். அளக்கும்போதே கேபிளைக் கொஞ்சம் ஆட்டிப்பார்த்து, எண் தாவுகிறதா என்று கவனியுங்கள். தகட்டைப் படிப்பதைவிட இந்தச் சோதனை அதிகம் சொல்லும். கேபினட்டின் எண், ஸ்பீக்கரின் உயிர், கேபிளின் நிலை மூன்றும் ஒரே தடவையில் தெரிந்துவிடும்.

உங்கள் ஆம்ப் உண்மையிலேயே இந்தக் கணக்குக்குள் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வால்வு என்று விற்கும் பேஸ் ஆம்ப்புகளில் நிறைய, முன்பகுதியில் மட்டும் ஒன்றிரண்டு சின்ன வால்வு வைத்துவிட்டுப் பவரை டிரான்சிஸ்டருக்கு விட்டவை. ஆம்பெக் எஸ்விடி-3ப்ரோ அப்படிப்பட்டது. பெயரில் எஸ்விடி இருந்தாலும் அதன் பவர் பகுதியில் இருப்பவை மாஸ்ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர்கள். அங்கே குறைந்தபட்ச ஓம் விதி மட்டும் போதும். பின்னால் கம்பிவலைக்குள் பெரிய கண்ணாடி வால்வுகள் நான்கோ ஆறோ நின்று, முனைகள் ஓம் வாரியாகப் பிரிந்திருந்தால்தான் இங்கே சொன்னதெல்லாம் பொருந்தும்.

பொருத்தம் தவறி ஓடிய ஆம்ப் சில அடையாளங்களை விட்டுவைக்கும். ஓடும்போது பிளேட் சிவப்பது கண்ணுக்கே தெரியும்; உடனே அணைக்க வேண்டும், ஸ்டாண்ட்பையில் போட்டுவிட்டு யோசிக்க வேண்டாம். மற்றவை உள்ளே இருக்கும். அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தேங்கியிருக்கும் என்பதால் அதைத் திறந்து பார்ப்பது தெரிந்தவர் வேலை. அவர் முதலில் பார்ப்பது ஸ்க்ரீன் ரெசிஸ்டர்கள் கருகியிருக்கின்றனவா என்று. அடுத்தது வால்வு சாக்கெட். இஎல்34, 6எல்6, 6550 எல்லாவற்றிலும் பிளேட் மூன்றாவது முள்ளில் வரும். பக்கத்து இரண்டாவது முள் ஹீட்டர். ஸ்பீக்கர் இல்லாமல் ஓடிய ஆம்ப்பில் இந்த இரண்டுக்கும் நடுவே தீப்பொறி பாய்ந்து, சாக்கெட்டின் மேல் பென்சிலால் கிழித்தது போல ஒரு கரிக்கோடு விழுந்திருக்கும். அந்தக் கரி மின்சாரம் கடத்தும். துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் அதே இடத்தில் மறுபடி பாயும் என்பதால் சாக்கெட்டையே மாற்றிவிடுவார்கள்.